டிரோவர்ஸா, கிளாக்கெய்க்கா, ஆப்பிள்கிராஸா?

ஸ்காட்லாந்து மலைப்பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்கு இந்த மூன்று பப்களில் எது நல்லது என்று யாராவது கேட்டால், வண்டி ஓட்டப்போவது யார் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். 2014 டிசம்பரிலிருந்து அங்கே ஓட்டுநரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கிலாந்தில் இந்த அளவு 80. அதனால் சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு எலுமிச்சைச் சோடாதான். மனத்தாங்கல் வராமலிருக்க இதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இன்வெரார்னனில் உள்ள டிரோவர்ஸ் இன் வசதி. கிளாஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், லோமண்ட் ஏரியின் வடமுனையைத் தாண்டியதும் வந்துவிடும். 1705 முதல் இருக்கும் விடுதி. மாடு ஓட்டிச் செல்பவர்களைத்தான் டிரோவர்ஸ் என்பார்கள். மலைநாட்டு மாடுகளைத் தெற்கே சந்தைக்கு நடத்திப் போனவர்கள் இரவு தங்கிய இடம் இது. உள்ளே நுழைந்ததும் பஞ்சடைத்த கரடி ஒன்று பின்னங்கால்களில் நின்று வரவேற்கும். சுவரெல்லாம் புகையேறிக் கறுத்துக் கிடக்கும். சாப்பாடு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். ஊர் திரும்பிய பிறகு பேச்சில் வருவது கரடியாகத்தான் இருக்கும்.

அதே சாலையில் வடக்கே இன்னும் ஒரு மணி நேரம் போனால் கிளென்கோ. அங்கே பெருஞ்சாலையை விட்டு விலகிய பழைய பாதையில், மலையடிவாரத்தில் இருக்கிறது கிளாக்கெய்க் இன். வரவேற்பறைக் கதவில் ஒரு பலகை: கூவி விற்பவர்களுக்கும் கேம்ப்பெல் குலத்தாருக்கும் அனுமதி இல்லை. 1692 பிப்ரவரியில் ஒரு கேம்ப்பெல்லின் தலைமையில் வந்த படையினர், தங்களுக்குப் பன்னிரண்டு நாள் சோறு போட்ட மெக்டொனால்டு குடியினரையே விடியலில் வெட்டினார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ததற்கு முந்நூறு ஆண்டு கழிந்தும் பலகை தொங்குகிறது. இன்று அது பாதி வேடிக்கைதான். பின்பக்கத்து பூட்ஸ் பாரில் கல்தரை. மலையேறி இறங்கியவர்கள் சேற்றுக் காலணியோடு அப்படியே வந்து உட்காரலாம்.

ஹாகிஸ் சாப்பிட நான் இங்கேதான் அனுப்புவேன். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலைக் கொத்தி, ஓட்ஸும் வெங்காயமும் கொழுப்பும் மிளகும் சேர்த்து வேகவைத்தது. பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கும் மஞ்சள் டர்னிப்பும் இருக்கும். வாயில் வைத்ததும் முதலில் தெரிவது மிளகுக் காரம், அப்புறம்தான் ஈரலின் மணம். தயங்குகிறவர்களுக்குப் பருப்பும் ஓட்ஸும் கலந்த சைவ ஹாகிஸ் உண்டு. நனைந்து நடுங்கி வந்து உட்கார்ந்தவருக்கு இரண்டுமே அமிர்தம். காரில் சொகுசாக வந்து இறங்கியவருக்கு அந்த ருசி பாதிதான்.

ஆனால் சாப்பாட்டை மட்டும் பார்த்தால் வடமேற்குக் கடற்கரையிலுள்ள ஆப்பிள்கிராஸ் இன் பக்கத்தில் மற்ற இரண்டும் நிற்க முடியாது. அங்கே இறால் என்று எழுதியிருந்தால் நாம் பழகிய இறாலை எதிர்பார்க்க வேண்டாம். வருவது லாங்குஸ்டீன், நீண்ட மெல்லிய கொடுக்குகளோடு, ஒரு சின்னச் சிங்கி இறாலைப் போல இருக்கும். ஓட்டை விரலால் நெரித்து உடைத்து, வாலிலிருந்து வெள்ளைச் சதையை உருவி, பூண்டு வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். கத்தி முள்கரண்டியெல்லாம் வீண். எதிரே தெரியும் அதே கடலில் பிடித்தது. வெயில் இருந்தால் தட்டோடு வெளியே போய் ராசே தீவைப் பார்த்தபடி உட்காரலாம்.

சிக்கல் எல்லாம் சாலையில்தான். ஆப்பிள்கிராஸுக்குப் போகும் வழியிலுள்ள பியலக் நா பா கணவாய் 626 மீட்டர் உயரம், ஒற்றை வண்டித் தடம், கொண்டை ஊசி வளைவுகள். கற்றுக்கொள்ளும் ஓட்டுநர்களுக்கும் பெரிய வண்டிகளுக்கும் உகந்ததல்ல என்று அடிவாரத்திலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். பெயருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் மாடுகளின் கணவாய் என்று பொருள், இதுவும் மாடு போன வழிதான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம்வரை ரிவர்ஸில் போகத் தெரிந்திருக்க வேண்டும். இன்வெர்னஸிலிருந்து கிளம்பினாலும் போவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமென்றால் கிளாக்கெய்க் போதும். இரண்டு நாள் கையில் இருந்தால் யோசிக்காமல் ஆப்பிள்கிராஸ். அறையை முன்பே பிடித்துவிட்டால் வண்டி ஓட்டியவரும் இரவில் ஒரு பைன்ட் பீர் குடிக்கலாம். மறுநாள் கணவாயில் மேகம் இறங்கியிருந்தால் ஷீல்டெய்க் என்ற ஊர் வழியாகக் கடலோரச் சாலையில் திரும்புங்கள், தூரம் அதிகம்தான், ஆனால் அந்த ஏற்றம் கிடையாது.