என் பெறாமகளை ஏழு மாதம் அனுப்பிய கல்வி நிலையம்

கிளிநொச்சி நகரில், ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே அமைந்திருக்கும் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த என் பெறாமகளை ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை அனுப்பினேன். அந்த ஏழு மாத அனுபவத்தை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிலையத்தின் பெயரையோ ஆசிரியர்களின் பெயரையோ நான் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் இந்தச் சிறிய நகரில் பிள்ளை யார் என்பது அரை நாளில் தெரிந்துவிடும்.

முதலில் கற்பித்தலைச் சொல்லிவிடுகிறேன். அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. தகரக் கூரையின் கீழ் பிற்பகல் இரண்டரை மணிக்கு வகுப்பு நடத்துவது வன்னி வெயிலில் இலேசான காரியமல்ல. அப்படியிருந்தும் விஞ்ஞானமும் கணிதமும் ஒழுங்காக நடந்தன, பாடத்திட்டம் உரிய காலத்தில் முடிந்தது, கடந்தகால வினாத்தாள்கள் ஒவ்வொன்றாகச் செய்விக்கப்பட்டன. பாடமொன்றுக்கு மாதம் 1,200 ரூபாய் வாங்கினார்கள். குடிநீரும் மலசலகூடமும் திருப்தி. விஞ்ஞான ஆசிரியர் உண்மையிலேயே திறமையானவர். இரசாயனத் தாக்கங்களைச் சமப்படுத்துவதை அவரிடம் படித்த பிள்ளை மறக்காது. இந்த மதிப்பீட்டின் சிக்கலும் அந்த ஆசிரியரிடமிருந்தே தொடங்குகிறது.

என் தங்கை போருக்குப் பின் விசுவமடுவில் ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவள். நான் சைவம், வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஆண்டுதோறும் போகிறவள். அவளுடைய மாற்றம் எனக்கு இன்றுவரை மனவருத்தம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் அவளுடைய மகள் படிப்புக்காக என் வீட்டில் தங்கியிருந்தாள். என் சாமியறைக்கு அவள் வருவதில்லை, அவளுடைய செபத்தை நான் குழப்புவதில்லை. பாடசாலையில் அவளுக்குச் சமய பாடம் கிறிஸ்தவம். சமயம் கட்டாய பாடமாக இருக்கும் நம் நாட்டில், ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தையே படிக்கலாம் என்ற ஏற்பாட்டில் அங்கே எந்தத் தகராறும் வந்ததில்லை.

கல்வி நிலையத்தில் வகுப்பு தேவாரத்துடன் தொடங்கும். அது பிழையென்று நான் சொல்லவில்லை. பெரும்பான்மைப் பிள்ளைகள் சைவர்கள், நடத்துநரும் சைவர். என் பெறாமகள் எழுந்து மரியாதையாக நிற்பாள், பாடமாட்டாள். மே மாதத்தில் ஒரு நாள் விஞ்ஞான ஆசிரியர், "பிள்ளைக்கு வாய் ஊமையோ?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒருமுறை சொன்ன சொல்லை வைத்து ஓர் ஆசிரியரை எடைபோடக்கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

யூலையில் நடந்தது வேறு. விக்கிரக வழிபாடு பற்றி ஆசிரியருக்கும் இவளுக்கும் இடையில் வகுப்பிலேயே வாக்குவாதம் மூண்டது. தொடக்கியவர் ஆசிரியர், ஆனால் "கல்லுக்குப் பால் ஊத்துறது வீண்" என்று சொன்னவள் என் பெறாமகள். அதைக் கேட்டு எனக்கே நெஞ்சு சுட்டது. அவள் வயதில் முப்பது பிள்ளைகள், தாய்மார் நேர்த்தி வைத்து வளர்த்த பிள்ளைகள், அந்த வகுப்பில் இருந்தார்கள். மறுநாள் நானே அவளைக் கூட்டிச்சென்று, வகுப்பின் முன்னிலையில் ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்கச் செய்தேன். அவள் கேட்டாள். ஆசிரியரும் தலையசைத்தார். இருவர் மோதினார்கள், ஒருவர் இறங்கிப்போனார், விடயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அதற்குப் பின் அவள் சமயம் பற்றி வாயே திறக்கவில்லை என்பதை அவளுடைய தோழிகளும் சொன்னார்கள். ஆனால் ஆசிரியர் நிறுத்தவில்லை. நான் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து, அவள் சொல்வதைத் திகதியுடன் எழுதத் தொடங்கினேன். யூலை முடிவிலிருந்து ஒக்டோபர் வரை பதினேழு பதிவுகள் அதில் இருக்கின்றன. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "பாஸ்டர்" என்று கூப்பிட்டது. அவளுடைய வினாத்தாளை மட்டும் திருத்தாமல் மூன்று தடவை திருப்பிக் கொடுத்தது. சபைக்குப் போகும் நேரம் என்று தெரிந்தும் மீட்டல் வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்றிவிட்டு, "வராட்டி உங்கட ஆண்டவர் பாஸ் பண்ணிவிடுவார்" என்றது. எல்லாவற்றிலும் என்னைச் சுட்டது, "ஆட்டுக்குட்டிக்கு மாறின குடும்பம்" என்று வகுப்பில் சொன்னது. வாழ்வாதார உதவியாக ஆடும் கோழியும் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு மீள்குடியேற்றக் காலத்திலிருந்து வன்னியில் உண்டு. அதில் உண்மையான சம்பவங்களும் இருக்கலாம். என் தங்கைக்கு ஒருவரும் ஆடு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் விஞ்ஞான வகுப்பில் கேட்கும் கேள்வி அதுவல்ல.

சண்டைக்கும் துன்புறுத்தலுக்கும் இடையிலுள்ள கோடு எது என்று அந்தக் கொப்பியைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குத் தெளிந்தது. வார்த்தை கடுமையாக இருப்பதால் மட்டும் ஒன்று துன்புறுத்தலாகிவிடாது. யூலையில் என் பெறாமகள் சொன்னது ஆசிரியர் சொன்ன பலவற்றைவிடக் கடுமையானது. ஆனால் அன்று அவர் அவளுக்குப் பதில் சொல்ல முடிந்தது. பிறகு நடந்தவற்றில் அவளால் பதில் சொல்லவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை, ஏனெனில் புள்ளியும் வினாத்தாளும் வகுப்பின் சிரிப்பும் அவர் கையில் இருந்தன. எதிரில் இருப்பவர் வாய்மூடிய பிறகும் ஒருவர் தொடர்ந்தால் அங்கே வாக்குவாதம் இல்லை.

இது ஆசிரியர் பக்கத்திலிருந்து மட்டுந்தான் வரும் என்றும் இல்லை. அதே நிலையத்தில் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கரான ஓர் இளம் ஆசிரியை ஆங்கிலம் கற்பித்தார். அவர் உள்ளே வரும்போதெல்லாம் பின்வரிசை மாணவர்கள் சேர்ந்து "அல்லேலூயா" போடுவார்கள். கரும்பலகையில் சிலுவை வரைந்து அருகில் அசிங்கமாக எழுதுவார்கள். அவர் அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார். முறையிட்டபோது "பொடியளின்ர பகிடி, ரீச்சர்" என்ற பதில்தான் கிடைத்ததாம். ஓகஸ்ட்டில் அவர் வருவதை நிறுத்திவிட்டார். ஒருவருக்கு எதிராக முப்பது பேர் சிரிக்கும்போது பிரம்பு யார் கையில் இருக்கிறது என்பது பெயரளவில்தான். அப்போது என் பெறாமகளும் வாய் திறக்கவில்லை என்பதை அவளே பின்னர் ஒப்புக்கொண்டாள்.

ஆசிரியரின் கோபத்துக்கு வேர் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். 2024 மார்ச் 8 ஆம் திகதி சிவராத்திரி அன்று வவுனியா வடக்கில் வெடுக்குநாறி மலை ஆதிசிவன் ஆலயத்தில் வழிபடப் போனவர்களில் எட்டுப் பேர் கைது செய்யப்பட்டதை இங்கே எந்தச் சைவரும் மறக்கவில்லை. முல்லைத்தீவுக் குருந்தூர்மலையிலும் சைவர் வழிபடும் இடத்துக்குப் பௌத்த விகாரையின் பெயரால் உரிமை கோரப்பட்டது. அதற்கு முன், 2019 மார்ச்சில், மன்னாரில் திருக்கேதீச்சரக் கோயிலின் வளைவு கத்தோலிக்கர் சிலரால் பிடுங்கி எறியப்பட்டபோது பகை நம்மவர்களுக்குள்ளேயே வந்தது. "வெளியில அவங்கள் மலையைப் பறிக்கிறாங்கள், உள்ளுக்க நீங்கள் வீட்டைப் பறிக்கிறியள்" என்று ஆசிரியர் ஒருநாள் சொன்னதாகக் கொப்பியில் இருக்கிறது. அந்தக் கோபத்தைத் தொல்பொருள் திணைக்களத்திடமும் அமைச்சரிடமும் காட்டமுடியாத ஒருவர், முன்வாங்கில் இருக்கும் பெண்பிள்ளையிடம் காட்டினார்.

இனி நிலையத்தின் சேவை. முறைப்பாட்டை ஏற்க அங்கே எந்த ஒழுங்கும் இல்லை: பதிவேடு இல்லை, பொறுப்பானவர் இல்லை. நடத்துநரைச் சந்திக்கப் பதினொரு நாள் அலைந்தேன். சந்தித்தபோது தேநீர் தந்தார், மரியாதையாகப் பேசினார், "அக்கா, சமயப் பிரச்சினையாப் போனா ஊர் ரெண்டுபடும், இதைப் பெரிசாக்காதேங்கோ" என்றார். நான் சமயத்தைப் பற்றி முறையிட வரவில்லை, திருத்தாத வினாத்தாள்களையும் பட்டப்பெயரையும் பற்றித்தான் வந்திருக்கிறேன் என்று கொப்பியை நீட்டினேன். அவர் திறக்கவில்லை. அவர் தந்த தீர்வுகள் இரண்டு: பிள்ளையைப் பின்னேர அணிக்கு மாற்றுவது, அல்லது பிள்ளை இன்னொரு மன்னிப்புக் கடிதம் எழுதுவது. அந்த ஆசிரியரின் பெயருக்காகவே நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வருகிறார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதை இருவரும் சொல்லவில்லை.

வெளியே எங்கு போகலாம் என்று விசாரித்ததில் அறிந்தவற்றையும், மற்றப் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால், எழுதுகிறேன். அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தை எல்லோருக்கும் உறுதிசெய்கிறது. ஆனால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு, நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் வந்த மீறலுக்கே உரியது; அதையும் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். இதே ஆசிரியர் காலையில் அரச பாடசாலையில் கற்பிப்பவர். அங்கே இதைச் செய்திருந்தால் வலயக் கல்வி அலுவலகத்துக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் வழி இருந்தது. பிற்பகலில், தகரக் கொட்டகையில், அவர் தனியாள். அங்கே மிஞ்சுவது பிள்ளை என்ற வகையிலான பாதுகாப்பு: தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலவச இலக்கம் இருபத்துநான்கு மணிநேரமும் தமிழிலும் இயங்குகிறது, பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். சமய உணர்வைப் புண்படுத்துவதற்குத் தண்டனைச் சட்டக்கோவையில் 291ஏ பிரிவும் உண்டு. ஆனால் அதை எடுத்தால் யூலையில் என் பெறாமகள் சொன்ன வசனத்தையும் யாரேனும் பொலிசுக்குக் கொண்டுபோகலாம் என்பதால் அந்தப் பக்கமே நான் போகவில்லை. உத்தியோகத்தரிடம் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே வாணி விழா வந்தது.

வாணி விழாவுக்கு 300 ரூபாய் கேட்டார்கள், கொடுத்தோம். பூசையில் அவள் ஓரமாக நின்றாள், சந்தனம் வாங்கவில்லை. விஞ்ஞான ஆசிரியர் தட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் நேரே வந்து, எல்லோரும் பார்க்க, தானே அவள் நெற்றியில் வைத்துவிட்டார். இருபது ஆண்டுகளாக நான் தினமும் வைக்கும் சந்தனம் அது. அதைத் துடைக்கவும் பயந்து, அப்படியே மிதிவண்டியில் வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் நின்று அழுதாள். அடுத்த வகுப்புக்கு நான் அனுப்பவில்லை.

இப்போது கணிதத்தை இன்னோர் இடத்தில் படிக்கிறாள். விஞ்ஞானத்துக்கு அயலில் ஒரு பல்கலைக்கழக மாணவி வீட்டுக்கு வருகிறார், அவ்வளவு திறமை இல்லை. நவம்பருக்காக முற்கூட்டியே கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதை மறுக்காமல் தந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பணத்தைத் தரும் முன் காசாளர் ஒரு துண்டை நீட்டினார். "மாணவி சுயவிருப்பின் பேரில் விலகினார்" என்று தட்டச்சு செய்திருந்தது. நான் அவரிடம் பேனாவை வாங்கி, "சுயவிருப்பின் பேரில்" என்பதை வெட்டிவிட்டுக் கையொப்பம் இட்டேன். அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கோப்பில் செருகினார்.