யாரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள்?

கருத்துக்கணிப்பு எதையும் நம்புமுன் கேட்க வேண்டியவை இவை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் கணிப்பு நடத்திய லிட்டரரி டைஜஸ்ட் இதழுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரி வாக்குச்சீட்டுகள் தபாலில் வந்து குவிந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது இதழ். அதைவிட மிகக் குறைவான பேரையே கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப், ரூஸ்வெல்ட் என்றார். ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்கு வாங்கினார். இதழ் கேட்டதோ தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் எடுத்த முகவரிகளில், அதிலும் மெனக்கெட்டு பதில் போட்டவர்கள் மட்டும்: கூட்டம் பெரிது, சாய்வோ ஒரு பக்கம். சமூக ஊடகப் பதிவுகளை எண்ணி "மக்கள் மனநிலை" சொல்பவர்களின் கதையும் இதேதான்.

குலுக்கல் முறையில் எடுத்த 1,000 பேர் என்றால் பிழை வரம்பு, அதாவது முடிவு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, கூட்டியோ குறைத்தோ 3 சதவீதம். ஆனால் அந்தக் கணக்கு, அழைத்தவர்கள் பேசினால்தான் செல்லும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசி ஆய்வுகளில் 1997இல் 36 சதவீதமாக இருந்த பதில் விகிதம் 2018இல் 6 ஆகிவிட்டது. நேரில் போனால் பதில் கூடும். செலவும் கூடும், எதிரில் ஆள் இருக்கும் கூச்சத்தில் சிலர் மழுப்பவும் செய்வார்கள். இணையத்தில் விரும்பிச் சேர்ந்தவர்களைக் கேட்பது மலிவு. 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில், பெரும்பாலும் ஆண்களே இருந்த எக்ஸ்பாக்ஸ் (வீடியோ கேம் கருவி) பயனர்களின் பதில்களை வயது, பாலினம், கட்சி வாரியாக வாக்காளர் விகிதத்துக்கு ஏற்பச் சரிக்கட்டி ஆய்வாளர்கள் நல்ல கணிப்பே எடுத்தார்கள். அந்தச் சரிக்கட்டலை வெளிப்படையாகச் சொல்லும் இணையக் கணிப்பை, சொல்லாத தொலைபேசிக் கணிப்பைவிட நான் நம்புவேன்.

கேள்வியின் வாசகம் இதைவிடப் பெரிய வம்பு. 1941இல் அமெரிக்காவில் ஒரு சோதனை. ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளைத் "தடை செய்ய வேண்டுமா?" என்றதற்கு 54 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். "அனுமதிக்க வேண்டுமா?" என்று மாற்றிக் கேட்டால் 75 சதவீதம் கூடாது என்றது. விஷயம் ஒன்றுதான், இடைவெளி 21 புள்ளி! இன்னொரு ஆய்வில் 1975ஆம் ஆண்டு "பொது விவகாரச் சட்டம்" பற்றிக் கேட்டபோது மூன்றில் ஒரு பங்கினர் கருத்துச் சொன்னார்கள். அப்படியொரு சட்டமே கிடையாது.

இதற்கு மாற்றாக அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபிஷ்கின் முன்வைத்தது கலந்தாய்வுக் கணிப்பு. குலுக்கலில் எடுத்தவர்களை ஓரிடத்தில் கூட்டி, குறிப்புகளைப் படிக்கவைத்து, நிபுணர்களிடம் கேள்வி கேட்கவிட்டு, பிறகு மறுபடி அதே வினாக்களைக் கேட்பார்கள். பணமும் நேரமும் கரையும். கிடைப்பதும் மக்கள் இன்று நினைப்பது அல்ல, விவரம் தெரிந்தால் நினைக்கக்கூடியது. தேர்தல் முடிவை ஊகிக்க அது உதவாது. ஓய்வூதியச் சீர்திருத்தம் போன்ற சிக்கலான விவகாரம் என்றால் என் ஓட்டு அதற்கே.