சம்பளத்தில் கழித்தார்கள், ஓய்வூதிய நிதியில் கட்டவில்லை: கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை

கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் பட்டப்படிப்பு முடிந்த கையோடு தென்கொரியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறார்கள். நானும் கனடாக் கடவுச்சீட்டுடன் 2023 இன் தொடக்கத்தில் அப்படிப் போனவள். கியொங்கி மாகாணத்தில் ஒரு ஹாக்வொனில், அதாவது பள்ளி விட்டதும் பிள்ளைகள் போய்ப் படிக்கும் தனியார் ரியூட்டரி ஒன்றில், எனக்கு நடந்ததை அடுத்துப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அரசுப் பள்ளிகளுக்கு ஆட்களை எடுக்கும் எபிக் திட்டத்தில் ஒப்பந்தம் கல்வி அலுவலகத்துடன் செய்யப்படுவதால் இத்தகைய சிக்கல் பெரும்பாலும் வருவதில்லை. ஹாக்வொனிலோ சம்பளம், குடியிருக்கும் அறை, விசா மூன்றும் வொன்ஜாங் என்று அழைக்கப்படும் நிலைய அதிபர் ஒருவரின் கையிலேயே இருக்கின்றன. நேர்மையாக நடத்தும் அதிபர்களும் உண்டு. என்னுடன் அதே நகரத்தில் இருந்த சிலருக்கு அப்படிப்பட்டவர்களே வாய்த்தார்கள்.

வேலையை நான் மனதார விரும்பினேன். பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணி வரை வகுப்புகள் நடக்கும். பள்ளியிலிருந்து நேரே வரும் சிறுவர்கள் கடையில் வாங்கிய, கடற்பாசித் தாளில் சுற்றிய சோறான முக்கோணக் கிம்பாப்பைப் படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, செருப்பை மாற்றிக்கொண்டு வகுப்புக்குள் ஓடி வருவார்கள். எந்தப் பக்கத்தை எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும், இடைவேளையில் எந்த நடைவழியில் நிற்க வேண்டும், எந்தத் தாய்க்கு எப்படி அறிக்கை எழுத வேண்டும் என்பதெல்லாம் அதிபரிடமிருந்து காகாவோடாக் என்ற கொரியக் குறுஞ்செய்திச் செயலியில் கட்டளைகளாக வந்துகொண்டே இருக்கும். அவற்றை நான் அழிக்காமல் வைத்திருந்தது பின்னர் மிகவும் உதவியது.

என் மாதச் சம்பளம் 23 இலட்சம் வொன். தேசிய ஓய்வூதியத்துக்கு அப்போது ஊழியர் பங்கு 4.5 வீதம், முதலாளி பங்கும் அதே அளவு. சம்பளச் சீட்டில் ஒவ்வொரு மாதமும் ஓய்வூதியத்துக்கென்று 103,500 வொன்னும், அதற்குக் கீழே மருத்துவக் காப்புறுதிக்கென்று இன்னொரு தொகையும் கழிக்கப்பட்டிருந்தன. ஆறு மாதங்கள் கடந்த பின், நான் தங்கியிருந்த அறையின் தபால் பெட்டிக்குத் தேசிய மருத்துவக் காப்புறுதிச் சேவையிடமிருந்து 140,000 வொன்னுக்குச் சற்று மேற்பட்ட கட்டணச் சீட்டு ஒன்று வந்தது. உடன் வேலை செய்த கொரிய ஆசிரியை அதை வாசித்துவிட்டு, "டீச்சர், இது வேலையிடத்தில் பதியப்படாதவர்கள் சொந்தமாகக் கட்டும் பணம். உங்களை இங்கே யாரும் பதியவே இல்லைப் போலிருக்கிறது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். வெளிநாட்டவர் அட்டையுடன் தேசிய ஓய்வூதியச் சேவையின் கிளை அலுவலகத்துக்குப் போய், என் பெயரில் செலுத்தப்பட்ட பணத்தின் விவரத்தைக் கேட்டேன். ஒரு வொன்கூடக் கட்டப்பட்டிருக்கவில்லை. வரி அலுவலகத்தில் என்னைச் சுயதொழில் செய்பவளாகக் காட்டி, அதற்குரிய 3.3 வீத வரியை மட்டும் கட்டியிருந்தார்கள். மீதியை அதிபரே வைத்துக்கொண்டார்.

இதைக் கேட்டதற்கு, "இங்கே எல்லா ஆசிரியர்களுக்கும் இப்படித்தான், பிறகு சரிசெய்கிறேன்" என்றார். பதினோராவது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மாணவர் தொகை குறைந்துவிட்டதால் அடுத்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லி, கொரிய மொழியில் ஒரு தாளை நீட்டினார். ஓராண்டு நிறைவு செய்தவருக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஓராண்டு முடிவதற்கு அப்போது சில வாரங்களே இருந்தன. நீட்டிய தாள் நானே விரும்பி விலகுவதாக எழுதப்பட்ட விலகல் கடிதம். அதில் கையெழுத்திட்டால்தான் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்வதற்கான ஒப்புதல் கடிதத்தைத் தருவேன் என்றார். மொழி கற்பிக்க வரும் வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் இ-2 விசா குறிப்பிட்ட முதலாளியுடன் பிணைக்கப்பட்டது. ஒப்பந்தக் காலத்துக்குள் இடம் மாற அவருடைய ஒப்புதல் வேண்டும் என்பதால், பலர் அந்த அச்சத்திலேயே கையெழுத்திட்டு விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விலகல் கடிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால், வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று பின்னர் நிறுவுவது மிகக் கடினம். நான் தாளைப் படம் எடுத்துக்கொண்டு, வாசிக்க நேரம் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மூன்று மாதங்களுக்கு மேல் வேலை செய்தவரை நீக்க 30 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 30 நாள் ஊதியம் தர வேண்டும். ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும் இது பொருந்தும். தொழிலாளர் அமைச்சின் 1350 என்ற எண்ணில் விளக்கம் கேட்டு, பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தேன். நான் தொழிலாளி அல்ல, சுயதொழில் செய்பவள் என்று அதிபர் வாதிட்டார். ஆனால் நேரசூசியும் பாடநூலும் காகாவோடாக் கட்டளைகளும் அவருடையவை என்பதைப் பார்த்த தொழில் பரிசோதகர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 30 நாள் ஊதியம் கிடைத்தது. ஓராண்டு நிறையாததால் பணிக்கொடை கிடைக்கவில்லை. அந்த இழப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை. விசாவுக்கு 1345 இல் குடிவரவு அலுவலகத்திடம் கேட்டு, வேலை தேடுவோருக்கான டி-10 க்கு மாறினேன். என்னை அனுப்பிவைத்த முகவர் ஹாக்வொனிடம் தரகு வாங்கியவர். என் செய்திகளுக்குப் பதிலே எழுதவில்லை.

போகிறவர்கள் ஒப்பந்தத்தில் ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதி, பணிக்கொடை மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்; 3.3 வீதம் என்ற எண்ணோ, சுயதொழில் என்ற சொல்லோ இருந்தால் கையெழுத்திடாதீர்கள். எழுதியிருந்தாலும் போதாது, என் ஒப்பந்தத்திலும் எல்லாம் அழகாகவே எழுதியிருந்தது. முதற் சம்பளம் வந்த அடுத்த மாதமே ஓய்வூதியச் சேவையின் கிளைக்கு நேரில் போய்ப் பதிவைப் பாருங்கள். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாட்டவர் கொரியாவை விட்டுப் போகும்போது இரு பங்கையும் மொத்தமாகத் திரும்பப் பெறலாம் என்பதால் இது சிறிய பணம் அல்ல. இன்னொன்று: இலங்கைக் கடவுச்சீட்டில் இ-2 விசா கிடைக்காது, இந்தியர்களுக்கு 2010 இல் நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தத்தின்படி, ஆசிரியர் தகுதிச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டுமே வழி உண்டு. இதற்கு மாறாகச் சொல்லி எந்த முகவரும் முற்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

என் ஓய்வூதியப் பாக்கியை முதலாளியிடமிருந்து அறவிடும் நடவடிக்கை இன்னும் முடியவில்லை. ஊதியப் பாக்கிக்கு மூன்று ஆண்டுகள் வரை முறைப்பாடு கொடுக்கலாம்; ஆகவே, இதேபோல் ஏமாற்றப்பட்டு ஏற்கனவே ஊர் திரும்பிவிட்டவர்கள் தங்கள் சம்பளச் சீட்டுகளை இப்போதே எடுத்துப் பாருங்கள்.