மதுரை ஹோட்டல்களும் என் டொராண்டோ சிம்மும்

இந்த முறை மதுரையில் இருந்த நாட்களில் பர்ஸைத் தொடவே இல்லை என்று எழுத ஆசைதான். டொராண்டோ சிம்மோடு போய் இறங்குகிறவனுக்கு அது அவ்வளவு சுலபமாக அமைவதில்லை.

போனிலேயே பணம் கட்டும் யுபிஐ 2016-இல் வந்தது, இன்று இளநீர் வண்டி வரை போய்விட்டது. வெளிநாட்டு எண் வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு கனடா, அமெரிக்கா, சிங்கப்பூர், இங்கிலாந்து உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களை இணைக்க 2023-இல் அனுமதி கொடுத்தார்கள். என் வங்கிக் கிளையில் போய்க் கேட்டால் "ஆப்லயே வரும் சார்" என்றார்கள். ஆப்பைத் திறந்தால் "கிளையை அணுகவும்" என்றது. ஒருவழியாக அது ஓடத் தொடங்கும் வரை, காபிக்கு 500 ரூபாய்த் தாளை நீட்டி எல்லாரிடமும் முறைப்பு வாங்கினேன். முன்பெல்லாம் கடைக்காரரிடம் சில்லறை இல்லாவிட்டால் பதிலுக்கு மிட்டாயாவது கிடைக்கும். இப்போது கல்லாவில் சில்லறை வைப்பதையே பல பேர் விட்டுவிட்டார்கள்.

இந்தப் புதிய வசதிகளை நன்றாகப் பயன்படுத்துவது யார் என்று கேட்டால், ஏசி ரெஸ்டாரண்ட்டுகளைவிட ராத்திரி பரோட்டாக் கடைகள்தான் என்பேன். கோரிப்பாளையம் பக்கம் ஒரு கடை. வாசலிலேயே கல், அதில் மாஸ்டர் கொத்து போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அந்தச் சத்தத்தில், பணம் வந்ததை வாய்விட்டுச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் சொல்வது காதில் விழாது என்பதால், கல்லாப் பெரியவர் அதைக் கயிற்றில் கட்டித் தன் காதோரமாகத் தொங்கவிட்டிருக்கிறார். "அண்ணே, போட்டாச்சு" என்று போனைக் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சத்தம் வரட்டும் தம்பி." பெட்டி "நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது" என்றதும்தான் தலையாட்டினார். பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நடையைக் கட்டியவர்கள் உண்டாம், அதனால் கண்ணை நம்புவதை விட்டுவிட்டார்.

ஆர்டர் எடுப்பதில் மட்டும் எதுவும் மாறவில்லை. சப்ளையர் நாலு மேசைக்கும் சேர்த்து மனசில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வீச்சு, ஒரு கலக்கி, முட்டைக் கொத்து காரம் தூக்கலா" என்று கல்லைப் பார்த்துக் கத்துகிறார். இலையில் சால்னா குறைந்தால் கேட்காமலே வாளி வருகிறது. சில்லறைத் தொல்லையை மட்டும் மெஷினிடம் தள்ளிவிட்டு, மற்றதையெல்லாம் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள்.

பைபாஸ் ரோட்டில் ஒரு பெரிய சைவ ரெஸ்டாரண்ட்டுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். மெனு கார்டு கிடையாது, மேசையில் கியூஆர் ஸ்டிக்கர்தான். ஸ்கேன் செய்தால் பெயர், மொபைல் எண், பிறந்த தேதி எல்லாம் கேட்கிறது. இட்லி சாப்பிட எதற்குப் பிறந்த தேதி? எண் போடும் கட்டத்தில் +91 என்று ஏற்கெனவே போட்டிருந்தது, மாற்ற முடியவில்லை. சரி, அம்மாவின் எண்ணைப் போட்டேன். ஓடிபி அவருடைய பட்டன் போனுக்கு வந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "டேய், இதை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குடா" என்று போனைப் பைக்குள் வைத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி அந்த ஆறு எண்களை வாங்குவதற்குள் பக்கத்து மேசையில் காபியே முடிந்துவிட்டது.

திறந்த மெனு முழுக்க ஆங்கிலம். அம்மா சப்ளையரைக் கூப்பிட்டு, "தம்பி, சூடா என்னப்பா இருக்கு?" என்றார். "அதுல பார்த்துப் போடுங்கம்மா." ஒரே மூச்சில் "இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா, ஆனியன் ரவா" என்று ஒப்பித்துவிட்டு, "நெய் ரோஸ்ட் நல்லா இருக்கும், கொண்டு வரவா?" என்று கேட்கிற ஆட்கள் அந்த ஹாலில் இல்லை. அம்மாவுக்கு எண்ணெய் குறைவாக அடை வேண்டும். அதற்கு மெனுவில் பட்டன் கிடையாது. கடைசியில் அந்தச் சப்ளையர் தம்பியே சமையலறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஹோட்டல்காரர்கள் பக்க நியாயமும் உண்டு. தமிழ்நாட்டு ஹோட்டல்களில் இப்போது பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் நிறைய வேலை பார்க்கிறார்கள். நாம் தமிழில் சொல்வதை அவர்கள் ஹிந்தியில் வாங்கி உள்ளே சொல்லும்போது ரவா தோசை பேப்பர் ரோஸ்டாக மாறிவிடும். மேசை எண்ணோடு ஆர்டர் நேராகச் சமையலறை பிரிண்டரில் போய் விழுந்தால் அந்தக் குழப்பம் இல்லை. அதோடு, மெஷின் வந்தால் ருசி போய்விடும் என்கிற புலம்பலிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் வந்த பிறகு ஆட்டுக்கல்லைத் தேடி யாரும் போகவில்லையே!

பில் சட்டென்று வந்தது. சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம், அவ்வளவுதான். 13 சதவீத வரியைப் பார்த்தே பழகிய என் கனடா ஒன்டாரியோ கண்ணுக்கு அது குளிர்ச்சியாக இருந்தது. அங்கே மாதிரி கார்டு மெஷின் 15, 18, 20 சதவீதம் என்று டிப்ஸ் பட்டன்களை நீட்டி நம்மைத் தர்மசங்கடப்படுத்துவதும் இல்லை. அன்றிலிருந்து அம்மாவின் போனுக்கு ஆஃபர் மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது என்பது தனிக்கதை.

மதிய நேரத்தில் பார்சல் கவுன்ட்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஸ்விக்கி, சொமாட்டோ சட்டைகள் வரிசை கட்டி நிற்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவனின் சாம்பாரைவிட அவர்களின் டப்பாக்களுக்கு அவசரம் அதிகம்.

டிப்ஸ் விஷயம்தான் எனக்கு உறுத்தியது. காசாகக் கொடுத்த காலத்தில் பில் அட்டையில் மீதி வரும், அதில் பத்தோ இருபதோ விட்டுவிட்டு எழுந்திருப்போம். யுபிஐயில் பைசா சுத்தமாக முதலாளி கணக்குக்குப் போய்விடுகிறது, மீதி என்பதே கிடையாது. அடைக்காக உள்ளே போய்வந்த அந்தத் தம்பி, பில் கட்டியதும் தயங்கித் தயங்கி, "சார், கூகுள்ல அஞ்சு ஸ்டார் போட்டு என் பேரையும் சேர்த்து எழுதுவீங்களா?" என்றார். எழுதினேன். அப்புறம் அம்மா தன் சுருக்குப் பையிலிருந்து ஒரு 50 ரூபாய்த் தாளை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தார். ஊருக்குப் போகிறவர்கள், போனில் எத்தனை ஆப் இருந்தாலும் இருபதும் ஐம்பதுமாகக் கொஞ்சம் தாள் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.