அமேசான் இசி2 ஆட்டோ ஸ்கேலிங்: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

கூட்டத்துக்கு ஏற்ப அமேசானின் வாடகை சர்வர்களைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் இந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஓடும் சர்வருக்குத்தான் பில். எங்கள் துணிக்கடைத் தளத்துக்கு டார்கெட் டிராக்கிங்கில் (சொன்ன இலக்கை ஒட்டி சர்வரைக் கூட்டிக் குறைக்கும் முறை) சிபியு, அதாவது செயலியின் பயன்பாடு 50 சதவீதம், குறைந்தது 2, அதிகபட்சம் 8 சர்வர் என்று வைத்தேன். பத்து நிமிட வேலை.

முதல் தள்ளுபடி நாளிலேயே தளம் திணறியது. தப்பு என்னுடையதுதான். சாதாரணக் கண்காணிப்பில் அளவீடு 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். கூட்டம் அதுவரை காத்திருக்குமா? விரிவான கண்காணிப்பில் 1 நிமிடம், ஆனால் அதற்குக் காசு. வார்ம்-அப் நேரத்தையும் (புது சர்வரின் அளவீட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடும் நேரம்) 60 விநாடி என்று வைத்திருந்தேன். எங்கள் ஆப் எழுந்து நிற்கவே 3 நிமிடம் ஆகும், எழும்போது சிபியு எகிறும். அதைப் பார்த்து இன்னொரு சர்வர் கிளம்பும்! 180 ஆக்கியதும் அடங்கியது.

இப்போது சலுகை நாளில் காலை 9.30-க்கே ஷெட்யூல் போட்டு 5 சர்வர் ஏற்றிவிடுகிறேன். அங்கே இயல்பான நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம்; நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மாற்ற மறந்து, பிற்பகல் 3 மணிக்கு ஏற்றிய கதையும் உண்டு.