இண்டெக்ஸ்ல சேராத அந்த 12 கார்டு: ரெண்டரை வருஷ கோல்ஃப் ப்ராக்டீஸ் அனுபவம்

கோல்ஃப் ஆட ஆரம்பிச்சு எட்டு வருஷம் ஆகுது. அதுல முதல் அஞ்சரை வருஷம் ஒரு வாரம் 18 ஹோலுக்கும் சேத்து 87 ஸ்ட்ரோக் (அடி, கம்மியா இருந்தா தான் நல்லது) அடிப்பேன், அடுத்த வாரம் அதே கோர்ஸ்ல அதே எடத்துல இருந்து ஆரம்பிச்சு 104 அடிப்பேன், ஏன்னு யாராவது கேட்டா சொல்றதுக்கு பதிலே இருக்காது. அதுக்கப்புறம் ரெண்டரை வருஷமா சில சாமான்களையும் ஒரு நோட்டையும் விடாம பயன்படுத்திட்டு வரேன். எது வேலைக்கு ஆச்சு, எது ஆகலன்னு எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன், இப்ப தான் நேரம் கெடச்சுது.

முதல்ல ஹேண்டிகேப் (ஆட்டத் திறமைய காட்டற நம்பர்) கணக்க சொல்லிடறேன், ஏன்னா எனக்கு எல்லாமே அங்க இருந்து தான் ஆரம்பிச்சுது. 2020ல வந்த வேர்ல்டு ஹேண்டிகேப் சிஸ்டம்ல நம்ம கடைசி 20 ரவுண்டுல நல்லா வந்த 8 ரவுண்டுக்கு, கோர்ஸோட கஷ்டத்துக்கு ஏத்த மாதிரி சரி பண்ணின ஸ்கோரோட சராசரி தான் இண்டெக்ஸ். மீதி 12 எவ்ளோ மோசமா இருந்தாலும் அந்த சராசரிக்குள்ள வராது, அது போக எந்த ஹோல்லயும் நெட் டபுள் போகிக்கு (அந்த ஹோலுக்குன்னு வச்ச அளவான பார விட ரெண்டு ஸ்ட்ரோக் கூட, அதோட ஹேண்டிகேப்புக்கு கெடைக்கற ஸ்ட்ரோக்) மேல அடிச்சத கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. இதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஒருத்தரால நல்லா ஆடினா எவ்ளோ முடியும்னு காட்டறதுக்கு தான் அந்த நம்பர். ஆனா நான் சீரா ஆடறேனா இல்லையான்னு அத வச்சு சொல்லவே முடியாதுன்னு எனக்கு அஞ்சு வருஷம் கழிச்சு தான் ஒறச்சுது.

ஒரு நாள் உக்காந்து பழைய 20 கார்டையும் எடுத்து, குறைக்காம அடிச்சது அடிச்சபடி கூட்டி பாத்தேன். நல்ல 8 கார்டோட சராசரி 89. மீதி 12ஓட சராசரி 99. நடுவுல பத்து ஸ்ட்ரோக்! அப்ப என் இண்டெக்ஸ் 16.3. என்கூட ஆடறவர் ஒருத்தர், அவருக்கும் கிட்டத்தட்ட அதே இண்டெக்ஸ் தான், ஆனா அவர் எப்ப ஆடினாலும் 88ல இருந்து 93க்குள்ள முடிச்சிடுவார். அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே அந்த 12 கார்ட மட்டும் தான் பாக்கறதுன்னு.

முதல் சாமான், காலுக்கு அடிக்கற பவுடர் ஸ்ப்ரே. இந்த பட்டியல்லயே விலை கம்மி இது தான், எனக்கு அதிகமா சொல்லி குடுத்ததும் இது தான். 7 அயர்ன் கிளப்போட பால்ல படற முகத்துல லேசா ஒரு தடவ அடிச்சா வெள்ளையா படியும், பால அடிச்ச உடனே பட்ட எடத்துல மட்டும் பவுடர் விலகி வட்டமா ஒரு தடம் விழும், கிட்ட வச்சு பாத்தா பாலோட குழிங்க கூட அச்சு வச்ச மாதிரி தெரியும். முதல் நாள் 20 பால் அடிச்சேன், அஞ்சு பாலுக்கு ஒரு தடவ போட்டோ எடுத்துட்டு தொடச்சுட்டு திரும்ப ஸ்ப்ரே. முதல் அஞ்சு நடுவுல இருந்து கொஞ்சம் ஹீல் (கிளப்போட கம்பி சேர்ற பக்கம்) பக்கம். அடுத்த அஞ்சு இன்னும் ஹீல். கடைசி அஞ்சுல ரெண்டு தடம் பாதி வட்டம் தான் இருந்துச்சு, மீதி பாதி முகத்த தாண்டி அந்த கழுத்து கிட்ட போயிருச்சு. ரவுண்டுல 14வது 15வது ஹோல் வந்தா திடீர்னு ஒரு ஷாங்க் (கழுத்துல பட்டு பால் கோணலா பறக்கறது) வருமே, அது திடீர்னு வரல, முதல் ஹோல்ல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா நகந்து வந்துட்டு இருந்திருக்கு, எனக்கு தான் தெரியல.

காரணம் என்னன்னா அலுப்பு வர வர என் வெயிட் கால் விரல் பக்கம் சாஞ்சு உடம்பே பால் கிட்ட போயிடுது. இத கண்டுபிடிச்சது கோச், நான் இல்ல. சரி பண்ண அவர் சொன்னது ரொம்ப எளிமை: கிளப் தலைக்கு ரெண்டு பக்கமும் கட்டைவிரல் அகலம் விட்டு ஒவ்வொரு டீ (பால தூக்கி வைக்கற சின்ன ஆணி) குத்திக்கோங்க, ரெண்டையும் தட்டாம பால மட்டும் அடிங்க. அப்புறம் நின்ன உடனே ஷூக்குள்ள கால் விரல அசைச்சு பாருங்க, அசைக்க முடியலன்னா வெயிட் முன்னாடி போயிடுச்சுன்னு அர்த்தம். இந்த விரல் அசைக்கறது இன்னிக்கும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பண்றேன். ஒரு விஷயம் கவனம், ஸ்ப்ரே ப்ராக்டீஸ்க்கு மட்டும் தான், ரவுண்டுல கிளப் முகத்துல எதையும் தடவிட்டு அடிக்கறது ரூல்ஸ் படி கூடாது, அதனால நல்லா தொடச்சுட்டு தான் பைல வைக்கணும்.

இந்த ஸ்ப்ரே வாங்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி தான் புது டிரைவர் (ரொம்ப தூரம் அடிக்கற கிளப்) ஒண்ணு வாங்கியிருந்தேன், ஸ்லைஸ் (பால் வலது பக்கமா வளைஞ்சு போறது) போயிடும்னு நம்பி. டிரைவர் தலை 460 சிசிக்கு மேல இருக்க கூடாதுன்னு விதி, என் பழசும் 460, புதுசும் 460. அதுலயும் ஸ்ப்ரே அடிச்சு பாத்தா அதே ஹீல் தான். டிரைவர் தலையோட எடை மையம் முகத்துக்கு ரொம்ப பின்னாடி இருக்கறதால ஹீல்ல பட்டா கியர் எஃபெக்ட்ல பாலுக்கு ஸ்லைஸ் பக்கம் சுத்து ஏறும், ரைட் ஹேண்டரான எனக்கு வலது பக்கம். பழைய டிரைவர்ல டீய விட்டு கொஞ்சம் தள்ளி நின்னு அடிச்சிருந்தாலே பாதி சரியாயிருக்கும். புது கிளப் வாங்கறவங்கள வேண்டாம்னு சொல்லல, ஆனா முதல்ல முகத்துல எங்க படுதுன்னு பாத்துட்டு வாங்குங்க.

ரெண்டாவது அலைன்மெண்ட் ஸ்டிக். ரெண்டு குச்சி, அவ்ளோ தான். பால் எந்த திசைல கெளம்புதுங்கறது பெரும்பாலும் படும்போது கிளப் முகம் எங்க பாக்குதோ அத வச்சு தான், அதுக்கப்புறம் எந்த பக்கம் வளையுதுங்கறது முகத்துக்கும் ஸ்விங் வர்ற பாதைக்கும் உள்ள வித்தியாசத்த வச்சு. முன்ன பல வருஷம் இத தலைகீழா தான் சொல்லி குடுத்திருக்காங்க, ட்ராக்மேன் மாதிரி ரேடார் மெஷின் வந்தப்புறம் தான் தெளிவாச்சு. நானும் அந்த பழைய நம்பிக்கைல ஸ்லைஸ் வருதேன்னு இன்னும் இடது பக்கம் பாத்து நிப்பேன், முகம் இன்னும் தெறந்து ஸ்லைஸ் இன்னும் பெருசாகும். இப்ப ஒரு குச்சிய கால் விரலுக்கு நேரா போடறேன், இன்னொண்ண பாலுக்கு பத்தடி முன்னாடி குறி இருக்கற கோட்டுல நட்டு வைக்கறேன், பால் அந்த குச்சிக்கு எந்த பக்கமா கெளம்புதுன்னு மட்டும் பாக்கறேன். எங்க போய் விழுந்துச்சுங்கறது அப்புறம்.

ஃபைபர் குச்சி வாங்கினா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, கிளப் பட்டா நார் நாரா பிரியும், அத வெறும் கைல புடிச்சா கண்ணுக்கே தெரியாத சிலாம்பு உள்ள ஏறி ரெண்டு நாள் கிளப்ப பிடிக்க விடாது. எனக்கு ஏறுச்சு. பிரிஞ்ச எடத்துல டேப் சுத்திட்டேன், இப்ப ரெண்டு வருஷமா அதே குச்சி தான்.

ரவுண்டு நடுவுல குச்சிய கீழ போட்டு நிக்க முடியாது, பெனால்டி. அதுக்கு பதிலா பாலுக்கு ஒரு அடி ரெண்டு அடி முன்னாடி குறிக்கு நேரா ஒரு காஞ்ச இலையோ பழைய டைவட்டோ (கிளப் பட்டு புல் பேந்த தடம்) பாத்து வச்சுக்கிட்டு முகத்த அதுக்கு நேரா வைக்கறேன். அந்த கால சாம்பியன் ஜாக் நிக்லாஸ் ஆட்டக் காலம் பூரா இப்படி தான் பண்ணார். 200 யார்டு தள்ளி இருக்கறத பாத்து முகத்த நேரா வைக்கறதுக்கும் ரெண்டடியில இருக்கறதுக்கு நேரா வைக்கறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு பண்ணி பாத்தா தான் தெரியும்.

ரேஞ்ச் மேட் (ப்ராக்டீஸ் எடத்துல புல்லுக்கு பதிலா போட்டிருக்கற பாய்) பத்தி ஒரு வார்த்த. மேட்ல பாலுக்கு முன்னாடியே கிளப் தரைய தொட்டாலும் வழுக்கிட்டு போய் பால்ல பட்டுடும், சத்தமும் நல்லா இருக்கும், நாமளும் நல்ல ஷாட்னு நம்பிடுவோம். அதே அடிய புல்லுல அடிச்சா மண்ண தோண்டிட்டு பால் இருபது யார்டு போகும். அதனால புல்லு கெடைக்கற அன்னிக்கு அதே பவுடர் ஸ்ப்ரேல தரைல ஒரு கோடு போட்டு, பால் இல்லாமயே முப்பது நாப்பது ஸ்விங், ஒவ்வொரு டைவட்டும் கோட்டுக்கு குறி பக்கம் ஆரம்பிக்குதா பின்னாடி ஆரம்பிக்குதான்னு மட்டும் பாக்கறது. முதல் மாசம் பத்துல நாலு தான் குறி பக்கம். இப்ப எட்டு. ஃபேட் ஷாட் (பாலுக்கு முன்ன தரைய அடிக்கறது) குறைஞ்சதுக்கு வேற எந்த ரகசியமும் என்கிட்ட இல்ல.

அடுத்தது நோட்டு, இத தான் நான் மனசார சிபாரிசு பண்ணுவேன். ஒரு தடவ லாஞ்ச் மானிட்டர் (ஷாட்ட அளக்கற மெஷின்) இருக்கற எடத்துல போய் ஒவ்வொரு கிளப்புலயும் 20 பால் அடிச்சு, கேரி தூரத்த (பால் பறந்து போய் விழற தூரம்) எழுதிக்கிட்டேன், நல்லது கெட்டது எதையும் விடாம. 7 அயர்ன் எனக்கு 150 யார்டுன்னு அத்தன வருஷமா சொல்லிட்டு இருந்தேன். 20ல ஒண்ணு கூட 150 போகல. நீளமானது 147, குட்டையானது 121, சராசரி 137. அதாவது எப்பயோ காத்து பின்னாடி இருந்தப்ப போன ஒரு ஷாட்ட என் தூரம்னு நெனச்சு, அஞ்சு வருஷமா கிரீனுக்கு (ஹோல் இருக்கற குட்டை புல் பகுதி) முன்னாடி இருக்கற மணல் பங்கர்ல போட்டுட்டு இருந்திருக்கேன். அன்னைலேந்து சராசரி தூரத்த வச்சு, கொடிய பாக்காம கிரீன் நடுவுக்கு கிளப் எடுக்கறேன். ஸ்விங்ல ஒண்ணுமே மாத்தாம ரவுண்டுக்கு ரெண்டு மூணு ஸ்ட்ரோக் இதுலயே கொறஞ்சுது.

பட்டிங்ல (கிரீன்ல பால ஹோலுக்குள்ள உருட்டறது) தான் எல்லாம் இருக்குன்னு சின்ன வயசுலேந்து கேட்டு வளந்தவன் நான். ஆனா கொலம்பியா யூனிவர்சிட்டி பேராசிரியர் மார்க் பிராடி பிஜிஏ டூர் (அமெரிக்க ப்ரொஃபஷனல் போட்டிகள்) ஷாட் ஒவ்வொண்ணையும் எடுத்து ஸ்ட்ரோக்ஸ் கெயின்டுன்னு ஒரு கணக்கு போட்டு, நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துல பெரிய பங்கு நீளமான ஷாட்ல தான் இருக்குன்னு காட்டினார். என் 12 கார்டும் அதையே தான் சொல்லுச்சு, டபுள் போகி டிரிபிள் போகி எல்லாத்தையும் எடுத்து எங்க ஆரம்பிச்சுதுன்னு நோட்டுல குறிச்சா முக்காவாசி டீ ஷாட் (ஹோலோட முதல் அடி) தொலைஞ்சது இல்ல மரத்துக்குள்ள போனது. பட் மிஸ் ஆனதால வந்த டபுள் ரொம்ப கம்மி. ரெண்டு குறுகலான ஹோல்ல டிரைவர பைலயே வச்சுட்டு ஹைப்ரிட் (அத விட கம்மி தூரம் போற கிளப்) எடுத்தேன், அவ்ளோ தான்.

அதுக்காக பட்டிங்க விட்டுடல. டூர் ஆட்டக்காரங்களே எட்டடி பட்ல பாதி தான் போடறாங்கன்னு தெரிஞ்சப்புறம் எட்டடிய மிஸ் பண்ணா மனசு ஒடையறது நின்னுச்சு. ப்ராக்டீஸ முப்பது நாப்பது அடிக்கு மாத்தினேன், ஹோல சுத்தி ஒரு மீட்டருக்குள்ள நிறுத்தறது மட்டும் தான் வேலை. ஒரே ஹோல்ல மூணு பட் ஆகறது ரவுண்டுக்கு நாலு அஞ்சு இருந்தது இப்ப ஒண்ணு, சில நாள் ஒண்ணும் இல்ல. பட்டிங்குக்கு போன்ல மெட்ரோனோம் (சீரா டிக் டிக்னு தாளம் போடறது) நிமிஷத்துக்கு 76ல வச்சு பழகினது நல்லா உதவுச்சு. முழு ஸ்விங்குக்கு பின்னாடி போறது மூணு பங்கு கீழ வர்றது ஒரு பங்குன்னு சொல்ற டெம்போவயும் ஆறு மாசம் முயற்சி பண்ணேன், எனக்கு செட் ஆகல, காது சத்தத்துக்கு காத்திட்டு இருந்ததுல உடம்பு இறுகிப் போச்சு. வெயிட் வச்ச ட்ரெய்னிங் கிளப்பும் அப்படி தான், மூணு வாரம் கழிச்சு தொடவே இல்ல.

ரேஞ்ச்ல ஒரே கிளப்ப வச்சு அம்பது பால் அடிக்கறதையும் விட்டுட்டேன். கத்துக்கறத பத்தி ஆராய்ச்சி பண்றவங்க சொல்றது என்னன்னா ஒண்ணையே திரும்ப திரும்ப பண்ணா அன்னிக்கு நல்லா வர்ற மாதிரி இருக்கும், மாத்தி மாத்தி பண்ணா அன்னிக்கு தடுமாறும், ஆனா அது தான் நிக்கும். அதனால கடைசி இருபது பால எங்க கோர்ஸ மனசுல வச்சு ஆடறேன், டிரைவர், அப்புறம் 8 அயர்ன், அப்புறம் வெட்ஜ் (கிட்ட தூரத்துக்கான கிளப்), ஒரே கிளப் ரெண்டு தடவ கெடையாது, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி வந்து நின்னு குறி பாத்து தான். வாரத்துக்கு ரெண்டு தடவ, முக்கா மணி நேரம். அதுக்கு மேல போனா எனக்கு ஹீல் பக்கம் நகர ஆரம்பிச்சிடுது.

இப்ப நம்பருக்கு வரேன். முதல் வருஷம் முடிஞ்சப்ப இண்டெக்ஸ் 16.3ல இருந்து 15.4 ஆச்சு, அவ்ளோ தான். ஒரு வருஷ ஒழைப்புக்கு ஒரு ஸ்ட்ரோக் கூட முழுசா எறங்கலயேன்னு பாக்கறவங்களுக்கு தோணும். ஆனா நல்ல 8 கார்டு சராசரி 88, மீதி 12ஓட சராசரி 99ல இருந்து 93. பத்து ஸ்ட்ரோக் இடைவெளி அஞ்சாச்சு. அத பாத்தப்ப நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன்னு சொல்ல முடியாது, முதல் தடவையா பேப்பர்ல தெரிஞ்சுது. இப்ப ரெண்டரை வருஷத்துல இண்டெக்ஸ் 12.2, மீதி 12 கார்டு சராசரி 89, அதாவது ஆரம்பத்துல என்னோட நல்ல நாள் என்னவோ அது இப்ப சுமாரான நாள்.

கடைசி 20ல மோசமான கார்டு 94. நோட்டுல பாத்தா அதுல டீ ஷாட் ஒண்ணே ஒண்ணு தான் தொலைஞ்சிருக்கு, ஆனா 40லேந்து 60 யார்டுக்குள்ள இருந்து மட்டும் நாலு எடத்துல கிரீனுக்கு போக ரெண்டு ரெண்டு ஷாட் ஆயிருக்கு. போன வாரம் சாண்ட் வெட்ஜ்ல ஸ்ப்ரே அடிச்சு அந்த தூரத்துல 20 பால் அடிச்சேன், தடங்கள்ல பாதிக்கு மேல முகத்தோட மேல் பக்கத்துல விழுது. அடுத்த ஆறு மாசத்துக்கு அந்த வேலை தான்.