ஜப்பான் வெண்கலச் சிலை வாங்கப் போறீங்களா? 1,80,000 யென் போன கதையைப் படிச்சுட்டுப் போங்க

இன்னும் ஆத்திரம் அடங்கல. டோக்கியோல இருக்கற நம்மாளுங்க யாராச்சும் ஆன்லைன் ஏலத்துல பழைய வெண்கலச் சிலை தேடிட்டு இருந்தா கொஞ்சம் நில்லுங்க. சைட் பேரு வேணாம், ஆளாளுக்கு வீட்டுல கிடக்கறத போட்டு விக்கிற ஏல ஆப், அவ்ளோதான்.

மெய்ஜி காலத்துப் (1868–1912) புலின்னு போட்டிருந்தான், வயித்துக்கு அடியில சேயா முத்திரை. சேயா பட்டறையோட புலி, யானையெல்லாம் அப்பவே வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு வார்த்தது, இன்னைக்கும் லண்டன் ஏலத்துல நல்ல விலைக்குப் போகும். அந்தாளு மெசேஜ்ல அவ்ளோ பதவிசா பேசினான், 1876ல இடுப்புல வாள் கட்டத் தடை வந்ததும் வாளுக்குப் பிடி, அணிகலன்னு செஞ்சிட்டிருந்த கைவினைக்காரங்க பொழப்பு போயி இந்த மாதிரி வேலைக்கு வந்தாங்கன்னு பெரிய கதை, அது நெசமும்கூட, அதுலதான் விழுந்தேன். கூடவே தூரிகை எழுத்து போட்ட பழைய மரப்பெட்டி போட்டோ வேற. சிலைக்குன்னே செஞ்ச பெட்டியோட வந்தா மதிப்பு கூடும்ல. கட்டிட்டேன் 1,80,000 யென்.

வந்துச்சு. பெட்டிக்குள்ள புலி கடகடன்னு ஆடுது, அடிப்பலகையில வட்டமா துருக்கறை, ஏதோ இரும்புக் கெட்டில் இருந்த பெட்டி! முத்திரை எழுத்து கரைஞ்ச சோப்பு மாதிரி மழுங்கி கிடக்கு. பாதத்துக்கு அடியில லேசா சுரண்டினா வெண்கலத்தோட மஞ்சள் வரணும், வந்தது வெள்ளை சாம்பல். துத்தநாகம்ங்க, மேல பழுப்பு பெயிண்ட்!

கேட்டா "தாத்தாவோட பொருள், எனக்கு விவரம் தெரியாது, நோ கிளெய்ம் நோ ரிட்டர்ன்னு போட்டிருக்கேனே"ங்கறான். வரலாறு மட்டும் அப்போ எப்படித் தெரிஞ்சுதாம்? ஆப்காரங்க அதுக்கு மேல, "பொருள் வந்துடுச்சுன்னு பட்டன் அமுக்கிட்டீங்க, பணம் வித்தவருக்குப் போயிடுச்சு, நீங்களே பேசித் தீத்துக்கோங்க." அந்தப் பட்டனை அமுக்குங்க அமுக்குங்கன்னு பார்சல் வந்த அன்னைக்கே நச்சரிச்சது அவன்தான். திரும்ப எழுதினா அதே பதில் காப்பி பேஸ்ட். 1,80,000 யென்ங்க, ரெண்டு மாச வாடகை.

எப்படிப் பாத்து வாங்கணும்னு விளக்கமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப முடியல. அடிப்பக்கம், உள்பக்கம் போட்டோ கேளுங்க, தரலன்னா விட்டுடுங்க. காந்தத்தை நம்பாதீங்க, வெண்கலம் மாதிரியே துத்தநாகத்துலயும் ஒட்டாது. முத்திரை இருக்குன்னு மட்டும் விலை ஏத்தாதீங்க. சுரண்டிப் பாக்கற வரைக்கும் பட்டனைத் தொடாதீங்க.

அந்தாளு நேத்து ஒரு யானை போட்டிருக்கான், அதே தாத்தா கதை, அதே மாதிரி பெட்டி. யாரும் பிட் பண்ணிடாதீங்க.